திங்க்பேட் எக்ஸ்230: பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யும்போது

2012இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 இன்றும் பலர் கையில் இருக்கிறது. ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம் எல்லாம் இருந்தும் விண்டோஸ் 10 திறக்க மூன்று நிமிடம் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், பழி பிராசஸர் மேல் இல்லை. உள்ளே சுற்றும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் நகர்ந்து வரவே 12 மில்லி செகண்ட் போல ஆகிவிடும். ஆக ஒரு சின்ன ஃபைலைத் தொட 17, 18 மில்லி செகண்ட். ஒரு செகண்டில் 60 தடவைகூடத் தொட முடியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான தடவை தொட்டாக வேண்டும். சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகவே பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அதற்கு நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, மாற்றிவிட வேண்டியதுதான்.

இந்த மாடலில் புது வகை வேக எஸ்எஸ்டிக்கான என்விஎம்இ ஸ்லாட் கிடையாது. உள்ளே சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான ஒரு எம்சாட்டா ஸ்லாட் உண்டு, ஆனால் அது சாட்டா என்ற இணைப்பு முறையின் பழைய தலைமுறையான சாட்டா 2. செகண்டுக்கு 280 எம்பிக்கு மேல் போகாது. ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடம் சாட்டா 3, அங்கே 550 எம்பி வரை வரும். ஆகவே வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அறையின் தடிமன் 7 மிமீ, எஸ்எஸ்டியும் 7 மிமீ, அப்படியே பொருந்தும். 9.5 மிமீ அறை உள்ள வேறு பழைய லேப்டாப்புகளில் ஆடாமல் இருக்க மேலே ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்பேசர் தேவைப்படும். கூடவே ஒரு யுஎஸ்பி-சாட்டா கேபிள். அதை இடதுபக்க யுஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டுங்கள். வலதுபக்கத்தில் இருக்கும் மஞ்சள் போர்ட் 2.0தான். 180 ஜிபி டேட்டாவை நகலெடுக்க 3.0இல் 40 நிமிடம் போதும், 2.0இல் ஒன்றரை மணி நேரம்.

நகலெடுக்கும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். குளோன் சொதப்புவது பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோதான்.

முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலை. அதைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: 05, சி5, சி6. 05 என்பது கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பவை. சி6 என்பது படிக்கவே முடியாமல் போனவை. மூன்றும் சைபராக இருந்தால் தைரியமாகக் குளோன் செய்யலாம். சி5இல் எண் ஏறியிருந்தால் குளோனை ஆறப்போட்டுவிட்டு, முதலில் போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். அந்த எண்கள் வழக்கமாக ஹெக்ஸில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) தெரியும். 10 என்று இருந்தால் அது 16. சாதாரணக் குளோன் மென்பொருள் கெட்ட செக்டரில் முட்டி நின்றுவிடும், அல்லது அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயன்று, சாகக் கிடக்கும் டிஸ்க்கைச் சாகடித்தே விடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு லினக்ஸில் ஓடும் மீட்பு மென்பொருளான டிடிரெஸ்க்யூதான் சரி. அது நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து முயலும். எதுவரை முடிந்தது என்று குறித்துக்கொள்ள ஒரு மேப் ஃபைலைச் சேர்த்துக் கொடுத்தால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க் நல்லதென்றால், சி டிரைவின் பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ் பக்கத்தில் எர்ரர் செக்கிங்கை ஒருமுறை ஓட்டுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான். ஃபைல் சிஸ்டம் மூடப்படாமல் கிடக்கும், நாம் பயன்படுத்தப்போகும் குளோன் மென்பொருளான குளோன்சில்லா கையை வைக்க மறுத்துவிடும். சி டிரைவ் ஐகானில் பூட்டு தெரிந்தால் பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவைப் பூட்டி வைக்கும் குறியாக்கம்) இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகளில் இது சகஜம். அதை முழுதாக நீக்கிவிட்டுக் குளோன் செய்து, எஸ்எஸ்டியில் மறுபடி போட்டுக்கொள்வது நல்லது. ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது அளவு. ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டும். 480 ஜிபி எஸ்எஸ்டி 447, 256 ஜிபி என்பது 238. பயன்படுத்தியது வெறும் 180 ஜிபியாக இருந்தாலும், டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுக்கும் முறைக்கு 480இல் இடம் போதாது. 20 ஜிபி குறைந்தாலும் குறைவுதான். குளோன்சில்லாவும் முதலில் மறுத்துவிடும். சரி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கிவிடலாமே என்று போனால், 285 ஜிபி காலியாக இருந்தும் சொற்ப ஜிபிதான் சுருக்க முடியும் என்று வரும். நகர்த்த முடியாத ஒரு ஃபைல் டிரைவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்நேட் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரிஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். அப்படியும் அசையாவிட்டால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த ஃபைல் குறுக்கே நிற்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும்.

சுருக்கியதும் முடிந்துவிடாது. யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் போட்ட விண்டோஸில் பார்ட்டிஷன்களின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளின்) வரிசை இப்படி இருக்கும்: 100 எம்பி இஎஃப்ஐ, 16 எம்பி எம்எஸ்ஆர், பிறகு சி, கடைசியில் சுமார் 500 எம்பி ரிகவரி. சி சுருங்கினாலும் ரிகவரி டிஸ்க்கின் கடைக்கோடியிலேயே இருக்கும், புது டிஸ்க்கின் எல்லைக்கு வெளியே. பார்ட்டிஷன்களை மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டட் லைவைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து அதை இடப்பக்கம் இழுத்து சியோடு ஒட்ட வைத்த பிறகே, குளோன்சில்லாவின் எக்ஸ்பர்ட் மோடில் டார்கெட் அளவைச் சோதிக்காதே என்ற தேர்வைப் போட முடியும். இவ்வளவு பாடு எதற்கு? 500 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டியாக வாங்கிவிட்டால் இந்தப் பத்தியே தேவையில்லை. சின்னதுதான் கையில் இருக்கிறது என்றால் விண்டோஸுக்குள்ளிருந்தே அளவை மாற்றி நகலெடுக்கும் டிஸ்க்ஜீனியஸ் போன்ற மென்பொருளுக்குப் போங்கள். க்ருஷியல், கிங்ஸ்டன் எஸ்எஸ்டி வாங்குபவர்களுக்கு அக்ரோனிஸின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. சாம்சங்கின் மென்பொருள் சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டுமே எழுதும். பழைய வீடியோக்கள் எல்லாம் சிபாரிசு செய்யும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது.

இனி நகலெடுப்பு. சார்ஜரை மாட்டுங்கள். எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, குளோன்சில்லா பென்டிரைவைச் செருகி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிவைஸ்-டிவைஸ், பிகினர், டிஸ்க் டு லோக்கல் டிஸ்க் என்று போக வேண்டும். முதலில் கேட்பது சோர்ஸ், அடுத்தது டார்கெட். இங்கே தலைகீழாகக் கொடுத்தால் காலி எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. இரண்டும் 500 ஜிபி என்றால் அளவை வைத்து அடையாளம் காண முடியாது. மாடல் எண்ணைப் பாருங்கள். லேப்டாப்பைத் திறக்கும் முன்பே ஹார்ட் டிஸ்க் லேபிளில் இருக்கும் எண்ணைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்து எழுதிக்கொண்டால் குழப்பமே வராது. டார்கெட்டை அழிக்கட்டுமா என்று அது திரும்பத் திரும்பக் கேட்பதும் இதனால்தான். எரிச்சலாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டு ஒய் அடியுங்கள்.

கேபிளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய டிஸ்க்குக்காகச் செய்த சில வெளிப்பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிக் காட்டும். அதற்குள் வைத்துக் குளோன் செய்த எஸ்எஸ்டி, லேப்டாப்புக்குள் போனதும் பார்ட்டிஷனே இல்லாத டிஸ்க்காகத் தெரியும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில், டிஸ்க் பகுதியில் பைட்ஸ்/செக்டர் 512 என்று இருக்கிறதா என முன்கூட்டியே பார்த்துவிடலாம். சாதாரண ஒற்றைக் கேபிளில் இந்தத் தொல்லை வருவது அபூர்வம்.

முடிந்ததும் ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் பின்பக்க பேட்டரியையும் கழற்றுங்கள். அடியில் ஒரே ஒரு திருகுதான், அதைக் கழற்றுங்கள். மூடி வந்ததும் பட்டையைப் பிடித்து இழுத்தால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும். பழைய திங்க்பேடை ரிப்பேர்காரர்கள் கொண்டாடுவது சும்மா இல்லை. இரு பக்கத்து ரப்பர் உறைகளையும் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி உள்ளே தள்ளுங்கள். உறை இல்லாமல் செருகினால் கனெக்டரில் சரியாக உட்காராது, ஒரு நாள் இருந்து மறுநாள் காணாமல் போகும்.

முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் எந்தக் கேபிளிலும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், எதிலிருந்து திறக்கிறோம் என்று விண்டோஸே குழம்பும். புது எஸ்எஸ்டியில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு பழைய டிஸ்க்கிலேயே வேலை செய்பவர்கள் உண்டு. பூட் ஆகவே இல்லை என்றால் எஃப்1 அழுத்தி ஸ்டார்ட்அப் பக்கத்தில் யுஇஎஃப்ஐயா, லெகசி என்ற பழைய பூட் முறையா என்று பாருங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருந்தால் குளோனும் எம்பிஆர்தான், லெகசி வேண்டும். அப்படியே கான்ஃபிக் பக்கத்தில் சாட்டா மோடு ஏஹெச்சிஐயா என்றும் பாருங்கள். கம்பாட்டிபிலிட்டி என்று இருந்தால் உடனே மாற்றிவிடாதீர்கள், நீலத் திரைதான் வரும். முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, ரீஸ்டார்ட்டில் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்துவிட்டு, அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் விண்டோஸ் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளும்.

திறந்ததும் பார்க்க வேண்டியது ஆப்டிமைஸ் டிரைவ்ஸ். சி டிரைவுக்கு நேரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று எழுதியிருந்தால் டிரிம் வேலையை (அழித்த ஃபைல்களின் இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதை) விண்டோஸ் வாராவாரம் தானே செய்யும். ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால் டிஃப்ராக் ஓடி எஸ்எஸ்டியை வீணாகத் தேய்க்கும். அட்மின் கட்டளைச் சாளரத்தில் வின்சாட் ஃபார்மல் (winsat formal) கொடுத்து மறுபடி பாருங்கள்.

1 டிபிக்குப் போனவர்களுக்கு வேறு பிரச்சினை. மீதி இடம் ரிகவரிக்கு அந்தப் பக்கம் கிடக்கும், எக்ஸ்டென்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கும். அதே ஜிபார்ட்டட்டில் ரிகவரியை வலக்கோடிக்கு நகர்த்திவிட்டு சியை நீட்ட வேண்டும். பிறகு ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையில் ரிகவரி எனேபிள்ட் என்று வருகிறதா எனப் பார்த்து, இல்லையென்றால் இயக்கிவிடுங்கள்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். ஏதோ ஒரு ஃபைலுக்காக அதை யுஎஸ்பியில் மாட்டினால் டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை ஆஃப்லைன் என்று காட்டலாம். ஆன்லைன் கொடுத்தால் ஃபைல்கள் தெரியும். ஆனால் விண்டோஸ் அதன் அடையாள எண்ணை மாற்றிவிடும், அதற்குப் பிறகு அதே டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டால் பூட் ஆகாமல் போகலாம். அவசரத்துக்கு மாற்று டிஸ்க்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பொத்தானைத் தொடாமல், ஃபைலை ஒரு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.