ரிச்சி தெருவுக்கு ஒரு பென்டிரைவோடு

2019இல் புது லேப்டாப் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் நன்றாகத்தான் தேடிப் பார்த்தேன். அதே மாடலில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் அருமையாக ஓடுகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அது போதும் என்று பணத்தைக் கட்டிவிட்டேன். பெட்டி வந்த அன்று இரவே லினக்ஸின் ஒரு வகையான டெபியனை நிறுவ உட்கார்ந்தேன். கால்வாசி தூரம் போனதும் நெட்வொர்க் கார்டு எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்லி, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்களின் நீளமான பட்டியல் ஒன்றை நீட்டி, இதில் உன்னுடையது எது என்று கேட்டது. என்னுடையது அதில் எதுவும் இல்லை. லேன் வயர் செருகலாம் என்றால் மெலிசான லேப்டாப், அதற்கு ஓட்டையே கிடையாது.

அப்புறம் எட்டு மாதம் போனை யூஎஸ்பி வயரில் கட்டிப்போட்டுத்தான் இணையம். யாராவது கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போக முடியாது. எழுந்தால் இணையம் அறுந்துவிடும். நடுவில் யாரோ எழுதிவைத்த டிரைவர் ஒன்றை இறக்கி நானே கம்பைல் செய்து போட்டேன். ஓடியது. லினக்ஸின் மையமான கர்னலுக்கு அப்டேட் ஒன்று வந்ததும் படுத்துக்கொண்டது. மறுபடி கம்பைல், மறுபடி அப்டேட். மூன்றாவது தடவை எனக்கு வெறுத்துவிட்டது.

அருமையாக ஓடுகிறது என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. அவர்களுக்கு வந்த பெட்டியில் வேறு வைஃபை கார்டு. ஒரே மாடல் பெயர், ஒரே அட்டைப்பெட்டி, உள்ளே மட்டும் இந்த மாதம் ஒரு சிப், அடுத்த மாதம் இன்னொரு சிப். லினக்ஸுக்கு மாடல் பெயரைப் பற்றிக் கவலையே கிடையாது, அது சிப்பின் நம்பரைத்தான் பார்க்கும். நான் பெட்டியின் மேல் இருந்த பெயரைப் பார்த்து வாங்கியிருந்தேன்.

கடைசியில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பழைய இன்டெல் வைஃபை கார்டு வாங்கி வந்தேன். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் கருப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று என இரண்டு ஆன்டெனா வயர்கள் பழைய கார்டின் மேல் உட்கார்ந்திருந்தன. நுனியில் இருக்கும் பித்தளை வளையம் கடுகு அளவு. நகத்தால் நெம்பி எடுப்பது சுலபம். திரும்ப மாட்டுவதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது. விரலால் மேலே வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காரும். நேர் மேலே வைத்து, டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். அந்த டக் கேட்டதும் ஆன் செய்தேன், வைஃபை வந்துவிட்டது. எந்த டிரைவரையும் தேடவில்லை.

கார்டை மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சில பழைய லேப்டாப்களில், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது, ஆன் ஆகும்போதே திட்டிவிட்டு நின்றுவிடும். இன்னொன்று, புதிய இன்டெல் கார்டுகளில் சிஎன்விஐ என்று ஒரு வகை உண்டு. அதன் வேலையில் பாதியைப் பிராசஸரே செய்கிறது. அதனால் பொருத்தமான இன்டெல் பிராசஸர் இல்லாத மதர்போர்டில், ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தாலும் வேலை செய்யாது.

இவ்வளவு பட்டதால்தான், அக்கா மகளுக்கு லேப்டாப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது வேறு மாதிரி கிளம்பினேன். அவள் கணிதம் படிக்கிறாள். பட்ஜெட் பதினைந்தாயிரம். புதிது அந்த விலைக்கு வராது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அதனால் கம்பெனிகள் கழித்துப்போட்ட ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. நமக்கு அது வசதிதான். பழைய சிப் என்றால் அதற்கான டிரைவர் கர்னலுக்குள் வந்து ஊறி வருடக்கணக்கில் ஆகியிருக்கும். லினக்ஸ் போட நேற்று வெளிவந்த லேப்டாப்பை வாங்குவதைவிட ஐந்தாறு வயதானதை வாங்குவது நிம்மதி என்பது என் கட்சி.

"மாமா, என் ஃப்ரெண்ட் கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்றா" என்றாள். கேமிங் லேப்டாப் போல இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ளது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓடாது என்பதில்லை. கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவே 2022இல் தன் கர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டது, நிலைமை முன்போல இல்லை. ஆனால் மதுரை விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் டிரைவர் வைத்தியம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

டெபியன் 13இன் லைவ் பதிப்பை ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டேன். 8 ஜிபி தாராளம். இறக்கிய ஐஎஸ்ஓ என்ற வட்டுக் கோப்பை அப்படியே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதற்கென்று உள்ள மென்பொருளால் எழுத வேண்டும். என் அத்தான் ஒருமுறை காப்பி செய்துவிட்டு, பென்டிரைவ் பழுது என்று தூக்கிப் போட்டார். லைவ் என்றால் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே முழுக் கணினியும் ஓடும், உள்ளே இருக்கும் டிஸ்க்கை நாமாகத் தொட்டாலொழிய அது தொடாது. இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. முன்பெல்லாம் டெபியனின் அதிகாரபூர்வ வட்டில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர், அதாவது மூலநிரல் திறக்கப்படாத, சிப்புக்குள் ஏற்றும் சின்ன மென்பொருள், இருக்காது. வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நிற்கிற கதை. 2022இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேர் வட்டோடு வருகிறது. கொள்கைக்காரர்கள் சிலருக்கு வருத்தம்தான். எனக்கும் கொஞ்சம் உண்டு. கடை மேசையில் நிற்கும்போது மட்டும் அந்த வருத்தம் வராது.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். முதல் கடையில் பென்டிரைவ் என்றதுமே கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவதில், "வேணும்னா வாங்கிட்டுப் போய் வீட்ல பாருங்க சார்." மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"விண்டோஸ் போட்டே தர்றோம் சார், எதுக்கு இதெல்லாம்?"

"இல்லைங்க, லினக்ஸ்தான் போடப் போறேன். எதையும் அழிக்க மாட்டேன், பாத்துட்டு எடுத்துடறேன்."

"வைரஸ் எதுவும் வராதே?"

"வராது."

"பத்து நிமிஷம்தான். கஸ்டமர் வந்தா எடம் விடணும்."

பத்து நிமிடம் உண்மையில் போதும். ஆன் செய்து எஃப்12ஐத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். அறிமுகமில்லாத மென்பொருளைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கவில்லை, டெபியன் 10இலிருந்தே அது ஆன் நிலையிலேயே பூட் ஆகும். டெஸ்க்டாப் வந்தது. மேல் மூலையில் வைஃபை படம் இல்லை. சரி, ஆரம்பமே சகுனம் சரியில்லை.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஒரு கோடு போட்டு என், என், கே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தேன். இந்த ஒரு கட்டளைக்காகத்தான் பென்டிரைவையே சுமந்து போகிறேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம். முதல் நான்கு, செய்த கம்பெனி. அடுத்த நான்கு, எந்த சிப். இன்டெல்லின் எண் 8086. 1978இல் தான் வெளியிட்ட பிராசஸரின் பெயரையே அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டது, அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி வரும். வந்தால் கர்னல் அதை ஏற்று ஒரு டிரைவரை மாட்டிவிட்டது என்று பொருள். வராவிட்டால் அந்த சிப் அனாதை.

கிராஃபிக்ஸ் 8086, 5916. வரி இருந்தது. ஆடியோவுக்கும் இருந்தது. வைஃபைக்கு இல்லை.

"இதுல வைஃபை எடுக்கலைங்க."

"விண்டோஸ்ல எடுக்குதே சார். இதே மாடல் இன்னும் மூணு இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்."

"இன்னொண்ணு எடுங்க, பாத்துடுவோம்."

அடுக்கிலிருந்து இரண்டாவதை உருவித் தந்தார். அடியில் ஒட்டியிருந்த மாடல் எண் ஓர் எழுத்து பிசகாமல் அதே. பென்டிரைவை மாற்றிச் செருகினேன். டெஸ்க்டாப் வரும்போதே மேல் மூலையில் வைஃபை படமும் வந்தது. கட்டளையை அடித்தால் இதில் வைஃபையும் 8086, கீழே டிரைவர் வரி. கடையில் வேலை செய்யும் பையன் இரண்டு திரைகளையும் மாறி மாறி எட்டிப் பார்த்தான். "அண்ணே, ரெண்டும் ஒரே மாடல்தானே?" என்றான். இங்கே பார் என்று இரண்டு நம்பர்களையும் காட்டினேன். பழைய லேப்டாப்களைத் தேற்றும்போது ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டுவது சகஜம் என்று அவனே சொன்னான். அவன் கையாலேயே எத்தனை மாட்டியிருப்பானோ.

அடுத்த சிக்கல் டிஸ்க். ஃபைல் மேனேஜரில் பென்டிரைவ் மட்டும்தான் தெரிந்தது, 256 ஜிபி எஸ்எஸ்டியைக் காணவில்லை. கடைக்காரர் முகம் மாறிவிட்டது, நான் எதையோ அழித்துவிட்டேன் என்று நினைத்தார். இது எனக்குத் தெரிந்த சங்கதி. பயாஸில் சாட்டா மோடு என்ற இடத்தில் ரெய்டு என்று இருந்தால், இன்டெல் சிப்செட் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க்கைத் தனக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்ளும், லினக்ஸ் கண்ணுக்குப் படாது. அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் வந்துவிடும். உள்ளே ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதை வைத்துக்கொள்ள நினைத்தால் இப்படிப் பட்டென்று மாற்றக் கூடாது, அப்புறம் விண்டோஸ் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றினேன், டிஸ்க் தெரிந்தது, திரும்ப ரெய்டிலேயே வைத்தேன். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

ஸ்பீக்கர், கேமரா, மைக், ஹெட்போன் ஓட்டை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள் எல்லாம் ஓடின. மூடியைச் சாத்தி ஒரு நிமிடம் விட்டுத் திறந்தேன். இதை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் தூங்கி எழாத லேப்டாப் ஒரு மாதத்தில் மனிதனைப் பைத்தியமாக்கிவிடும். இது எழுந்தது. கீபோர்டில் ஒரு விசைகூட விடாமல் தட்டினேன். எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்ததில் கைரேகை வாங்கி தெரிந்தது. அந்த நம்பரை போனில் எடுத்துப் பார்த்தால் லினக்ஸில் கைரேகையைக் கவனிக்கும் லிப்எஃப்பிரிண்ட் ஆதரிக்கும் பட்டியலில் இல்லை. அக்கா மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பாஸ்வேர்டு அடிச்சுக்கறேன் மாமா, அது எதுக்கு" என்றாள். அது முடிந்தது.

கடைசியாக யூபவர் என்ற கட்டளை. பேட்டரி புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்பதை அது சொல்லிவிடும். 64 சதவீதம் என்றது. திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்பிவைத்தேன். பதினைந்தாயிரத்து ஐந்நூறு சொன்னவர் பதினாலுக்கு இறங்கினார். "இனிமே நானும் இந்த பென்டிரைவை ஒளிச்சு வெக்கணும் போல" என்று சிரித்தார். பத்து நிமிடம் எப்போதோ நாற்பது ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து நிறுவியதில் சொல்ல ஒன்றுமில்லை. ஏஹெச்சிஐக்கு மாற்றினேன், முழு டிஸ்க்கையும் டெபியனுக்குக் கொடுத்தேன், தமிழ்99 விசைப்பலகை போட்டேன், அரை மணியில் வேலை முடிந்தது. பிறகு ஹெச்டபிள்யூ-புரோப் என்ற கருவியை ஓடவிட்டு, எந்த சிப் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற விவரத்தைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவைத்தேன். சீரியல் நம்பர் போன்றவற்றை அது அப்படியே அனுப்பாது. சிப் நம்பரைக் கொடுத்து யாரும் அங்கே தேடலாம். வைஃபை எடுக்காத அந்த முதல் லேப்டாப்பின் விவரத்தையும் கடையிலேயே இப்படி அனுப்பியிருந்தால் இன்னொருவருக்கு உதவியிருக்கும், அப்போது தோன்றவில்லை.

போன வாரம் விடுதியிலிருந்து வீடியோ காலில் லேப்டாப்பைக் காட்டினாள். கைரேகைச் சதுரத்தின் மேல் ஒரு பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.