வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

போன வருடம் மாசி மாதம் சித்தப்பா போன் செய்தார். ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்கிறது, பைபாஸ் பக்கத்தில் பன்னிரண்டு சென்ட் இடம் வந்திருக்கிறது, அக்கம்பக்கத்து விலையைவிட நன்றாகவே குறைவு. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, தாய்ப்பத்திரம் வக்கீல் பார்த்துவிட்டார், பட்டா சரி, புலப்படம் சரி. "நீ மண்ணைத் தோண்டிப் பாக்குற வேலைதானேம்மா பாக்குற, வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயேன்" என்றார்.

என் வேலை அதுதான். கம்பெனிகள் நிலம் வாங்குமுன் அந்த மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ரசாயனம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. முதல் கட்டத்தை ஃபேஸ் ஒன் என்போம், அதில் மண்வெட்டியே எடுக்க மாட்டோம். பழைய வரைபடம், பழைய சாட்டிலைட் படம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிகள், அந்த இடத்தைச் சுற்றி ஒரு நடை, அப்புறம் பேச்சு. முக்கால்வாசி விஷயம் பேச்சில்தான் கிடைக்கும். சந்தேகம் வந்தால்தான் ஃபேஸ் டூ, ஆகர் என்ற துளைக்கருவியைப் போட்டு மண் எடுத்து லேபுக்கு அனுப்புவது.

சித்தப்பா காட்டிய இடத்தில் புல் நன்றாக இருந்தது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையில் உடைந்த சிமென்ட் தொட்டி. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டேன், முன்னால் இங்கே என்ன இருந்தது என்று. "முலாம் பூசுற பட்டறைம்மா. சைக்கிள் ரிம், பைக் சைலன்சர் எல்லாம் பளபளன்னு வரும். அவங்க போனப்புறம் இந்தக் கிணத்துத் தண்ணி மஞ்சளா வந்துச்சு, நாங்க மூடிட்டோம்." அவ்வளவுதான், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் சொல்கிறேன். அந்தப் பளபளப்பு குரோமியம் என்ற உலோகத்தின் பூச்சு. குரோமியத்தில் நமக்கு முக்கியமாக இரண்டு வகை உண்டு. மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரைந்து தண்ணீரோடு நடக்கும், புற்றுநோய் வரவழைப்பதும் அதுதான், முலாம் பூசும் தொட்டியில் பல காலமாக ஊற்றிவந்ததும் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அதனால் தண்ணீர் கண்ணுக்கே மஞ்சளாகத் தெரிகிறது என்றால் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை வளாகத்திலேயே மலையாகக் குவித்து வைத்துவிட்டு. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து நிலத்துக்குள் இறங்கியது. இவ்வளவு பெரிய விஷமும் எந்த வில்லங்கச் சான்றிலும் ஒரு வரியாகக்கூட வராது, அதில் வருவது கிரயம், அடமானம் மாதிரி பதிவான பரிவர்த்தனைகள் மட்டும்தான்.

பத்திரத்தில் எழுதியே விற்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி லவ் கெனால் என்ற பழைய கால்வாயில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்த நிலத்தை உள்ளூர் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே ரசாயனக் கழிவு இருக்கிறது, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே இருந்தது. அதன் மேல் பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. லோயிஸ் கிப்ஸ் என்ற குடும்பத்தலைவி தெருத் தெருவாகப் போய் ஆட்களைத் திரட்டியிராவிட்டால் அதுகூட நடந்திருக்குமா தெரியாது. 1980-ல் அங்கே வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, கெடுத்தவன் மட்டுமல்ல, இன்றைக்கு நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு. வாங்குமுன் மண்ணைப் பார்க்கும் இந்தத் தொழில் பரவியதே அந்த பயத்தில்தான்.

சுத்தம் என்பதும் ஒரு எண்தான், அதை யார் குறிப்பது என்பதில்தான் சண்டை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று சுத்திகரிப்பு அளவு வைத்தபோது, சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு அது போதவே போதாது என்று அங்குள்ளவர்கள் போராடினார்கள். நான் அவர்கள் பக்கம். கான்கிரீட் தளம் போட்டு குடோன் கட்டப்போகும் மண்ணுக்கும், குழந்தை உட்கார்ந்து விளையாடி விரலை வாயில் வைக்கப்போகும் மண்ணுக்கும் ஒரே அளவுகோல் இருக்க முடியாது.

சித்தப்பா இடத்துக்கு வருகிறேன். தொட்டி மூலையிலிருந்து மூன்று இடத்தில் மண் எடுத்தோம், மூடிய கிணற்றைத் திறந்து தண்ணீரும் எடுத்தோம். மண், தண்ணீர் இரண்டிலும் ஆறு இணைதிறன் குரோமியம். சரி செய்ய வழி இருக்கிறது: ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் ஆறு மூன்றாக மாறி நகராமல் படிந்துவிடும், இல்லையென்றால் மண்ணைத் தோண்டி கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரியில் அனுப்ப வேண்டும். எப்படிப் போட்டாலும் அந்தச் செலவு விலையில் குறைத்த தொகையைத் தாண்டியது. சித்தப்பா முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு வருத்தம்தான், அந்த இடத்தில் வேப்பமரம் வைக்கிற மூலைவரை முடிவு செய்து வைத்திருந்தார்.

எனக்கு அதோடு விடமுடியவில்லை. டீக்கடை அம்மா வீட்டில் இப்போது போர்வெல் தண்ணீர்தான், அது அந்தக் கிணற்றிலிருந்து நாற்பது அடிகூட இருக்காது. அவர் தண்ணீரையும் பரிசோதித்துக் கொடுத்தேன். அதிலும் இருந்தது, குறைந்த அளவில், ஆனால் வரம்புக்கு மேல். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கச் சொன்னேன். அந்தச் செலவை ஏன் அவர் சுமக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும், கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும், கெடுத்தவர் இல்லாமல் போய்விட்டால் அரசு. அதைக் காட்டி, லேப் அறிக்கைகளை இணைத்து, சர்வே எண்ணோடு கலெக்டர் அலுவலகத்தில் நானும் டீக்கடை அம்மாவும் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கையில் இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். தொட்டியை உடைத்து அள்ளிவிட்டார்கள், மேலே புதுசாக செம்மண் கொட்டி, 'வீட்டு மனை விற்பனைக்கு' என்று போர்டு நட்டிருக்கிறது. போர்டில் இருந்த நம்பருக்கு அறிக்கையை அனுப்பினேன், பதில் இல்லை. மனு எண்ணை வைத்து நாளைக்கு மறுபடி போகிறோம்.