கரண்ட் ஓடும் அந்த இருபது நிமிடம்

தலைக்காயத்துக்குப் பிறகு கை வராமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். இப்போதெல்லாம் நோயாளியின் வீட்டார் வரும்போதே போனில் ஒரு வீடியோவோடு வருகிறார்கள். அதில் ஒருவர் தலையில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பட்டையிலிருந்து இரண்டு ஒயர் தொங்கும். "மேடம், இந்த மெஷின் உங்ககிட்ட இருக்கா?" இருக்கிறது. தலைத்தோலின் மேலிருந்தே மூளைக்கு மெல்லிய கரண்ட் கொடுக்கும் மெஷின் அது, tDCS என்பார்கள். நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் போட்டும் விடுகிறேன். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வரும்: "ஷாக் குடுப்பீங்களா?"

இல்லை. மனநோய்க்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சி சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்துவிட்டு, 800 மில்லி ஆம்பியர் அளவில் சில நொடிகள் செலுத்தி, வலிப்பையே வரவழைக்கிறார்கள். நாங்கள் போடுவது 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான். ஆள் முழு நினைவோடு பேசிக்கொண்டு, வேலை செய்துகொண்டு இருப்பார். இருக்கவும் வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவெடுக்க வேண்டும். மூக்குக்கு மேலே உள்ள பள்ளத்திலிருந்து பின்தலையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு வரை டேப் வைப்பேன். அப்புறம் ஒரு காதிலிருந்து மறு காது வரை, உச்சி வழியாக. இரண்டின் நடுப்புள்ளியும் சேரும் இடத்திலிருந்து இடது காதுப் பக்கமாக, காதுக்குக் காது அளந்ததில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், வலது கையை இயக்கும் பகுதி ஏறக்குறைய அதன் கீழே இருக்கும். அங்கே முடியை விலக்கி, உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவேன். இன்னொன்று எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேலே. பார்க்கிறவர்களுக்கு மெஷின்தான் பெரிதாகத் தெரியும், எனக்குப் பாடுபடுத்துவது இந்த ஸ்பாஞ்ச். ஈரம் அதிகமானால் நீர் காதோரம் வழிந்து, கரண்டும் அந்த ஈரத்தோடு போய்விடும். ஈரம் குறைந்தால் எரியும், தோல் புண்ணாகவும் வாய்ப்பு உண்டு. தலையில் எண்ணெய்ப் பசை இருந்தால் மீட்டரில் தடை இறங்கவே இறங்காது.

பிறகு அரை நிமிடம் எடுத்துக் கரண்டை மெல்ல ஏற்றுவேன், இருபது நிமிடம் ஓடும். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் வீட்டார் எல்லோரும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை தானாக அசையப் போகிறது என்று எதிர்பார்ப்பு. அசையாது. 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளையைத் திறந்து மேற்பரப்பில் நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது எதிர்ப்பக்கத் தசைகள் அசைந்தன. மூளையை நேரடியாகத் தொட்டதால் நடந்தது அது. நாங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி தலைத்தோலிலும் எலும்பிலுமே கசிந்து போய்விடுகிறது. உள்ளே சேரும் கொஞ்சம் கரண்ட், நரம்பணுவைச் சமிக்ஞை அனுப்பவைக்கப் போதாது, அது சமிக்ஞை அனுப்பத் தொடங்கும் வாசலுக்குச் சற்று அருகே தள்ளிவிட மட்டுமே செய்யும். 2000ஆம் ஆண்டில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் நிட்ஷேயும் பவுலஸும் இதைத்தான் அளந்து காட்டினார்கள்: நேர்முனைக்குக் கீழே இயக்கப் பகுதி எளிதில் கிளர்ச்சி அடைகிறது, எதிர்முனைக்குக் கீழே மந்தமாகிறது, நிறுத்திய பின்னும் சில நிமிடங்களுக்கு அந்த மாற்றம் நிற்கிறது.

வாசலுக்கு அருகே நிற்கும் நரம்பணுவை உள்ளே இழுத்துவர ஒரு வேலை வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் நோயாளி என்ன செய்கிறார் என்பதுதான் என் கணக்கில் முக்கியம். சும்மா படுத்திருந்தால் எதைப் பலப்படுத்துவது?

இப்போது என்னிடம் வருகிற தம்பி ஒருவர் விபத்தில் தலையின் இடப்பக்கம் அடிபட்டவர். வலது கை தோளிலிருந்து முழங்கை வரை நன்றாக வந்துவிட்டது, விரல்கள்தான் பின்தங்கிவிட்டன. முதல் தடவை மெஷினை ஓடவிட்டு நான் பக்கத்து மேஜைக்குத் திரும்புவதற்குள் அவருடைய அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார். "தூங்கட்டும் மேடம், பாவம், கரண்ட் வேலை செய்யட்டும்." எழுப்பி உட்காரவைத்து, பலகையில் தைத்த துணியைக் கொடுத்தேன். வரிசையாகப் பட்டன்கள், மேலே கோட்டுப் பட்டன், கீழே போகப் போகச் சின்னது. சட்டைப் பட்டன் போடுவது ஒரு வேலை மாதிரித் தெரியும், உள்ளே மூன்று வேலை. கட்டைவிரல் பட்டனின் விளிம்பைச் சாய்க்க வேண்டும், ஆள்காட்டி விரல் துளையின் ஓரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிறகு இரண்டும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இவருக்கு அந்த இடம் மாறும் கணத்தில் பட்டன் வழுக்கிவிடும். வழுக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். திட்டுவதற்குச் சொல் தேடித் தடுமாறிய ஆள், இப்போது சரளமாகவே திட்டுகிறார். ஸ்பீச் தெரபிஸ்டிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

சரி, மெஷின் உண்மையிலேயே உதவுகிறதா? ஆராய்ச்சி இரண்டு பக்கமும் பேசுகிறது. பக்கவாதத்தால் பேச்சு இழந்த 74 பேரிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கரண்டோடு பெயர் சொல்லும் பயிற்சி செய்தவர்கள், பொய்க் கரண்ட் (ஒப்பிடுவதற்காக, கரண்ட் ஓடுவது போல் காட்டுவது மட்டும்) பெற்றவர்களைவிடச் சராசரியில் கூடுதல் பெயர்களைச் சொன்னார்கள். மேலும் ஆராயத் தகுந்தது என்ற அளவோடு ஆய்வாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கைக்காக 129 பேரிடம் நடந்த ட்ரான்ஸ்போர்ட் 2 என்ற ஆய்வில் 2 மில்லி ஆம்பியரும் 4 மில்லி ஆம்பியரும் பொய்க் கரண்டை விஞ்சவில்லை. மூன்று குழுவுக்கும் ஒரே கைப்பயிற்சிதான். இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பக்கவாதத்தில் நடந்தவை. விபத்துக் காயம் பல இடங்களில் சிதறிக் கிடப்பது, அதற்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. நான் இதைப் போடுவது, கூடவே பயிற்சி நடக்கும்போது கெடுதல் மிகக் குறைவு என்பதால். பயிற்சிக்குப் பதிலாக இதைக் கேட்டால் மறுத்துவிடுவேன்.

தலைக்காயத்துக்கென்றே பெரிய செய்தி வேறு முறையிலிருந்து வந்திருக்கிறது. அது மூளையின் நடு ஆழத்தில் உள்ள தாலமஸ் என்ற பகுதியில் அறுவைசிகிச்சை செய்து மின்முனையை வைக்கும் முறை. தாக்கப்பட்டு ஆறு வருடத்துக்கும் மேல் அரைகுறை நினைவில் இருந்த 38 வயதுக்காரர் ஒருவர் அதற்குப் பின் சொற்கள் சொன்னதையும் வாயால் சாப்பிட்டதையும் நிக்கோலஸ் ஷிஃப் குழு 2007இல் வெளியிட்டது. 2023இல் அதே வழியில், காயத்தின் பின் வேலைக்கோ படிப்புக்கோ முழுதாகத் திரும்ப முடியாத ஐந்து பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் சோதனையில் அவர்கள் 15 முதல் 52 சதவீதம் வேகம் கூடினார்கள். ஐந்தே பேர்தான். மண்டையோட்டைத் துளைக்கும் சமாச்சாரம் வேறு. வீடியோவில் இதையும் ஸ்பாஞ்ச் பட்டையையும் ஒன்றாகக் கலந்து காட்டுவது எனக்கு எரிச்சல்.

9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம். தலைக்காயக்காரர்களுக்கு இரட்டிப்பாக வேண்டாம். அறுவைசிகிச்சையில் எலும்பை எடுத்திருந்தாலோ, உலோகத் தகடு வைத்திருந்தாலோ கரண்ட் போகும் வழியே மாறிவிடும். காயத்துக்குப் பின் வலிப்பு வந்தவர் என்றால் டாக்டர் பார்க்காமல் நானே தொடமாட்டேன். ஆரோக்கியமானவர்களே வீட்டில் இதைப் போட்டுக்கொள்வது பற்றி 39 நரம்பியல் அறிஞர்கள் 2016இல் பகிரங்கமாக எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள்.

அந்தத் தம்பியின் அம்மா போன வாரம் வேறு ஒன்று கேட்டார். இருபது நிமிடத்தை நாற்பதாக்கினால் சீக்கிரம் சரியாகுமா? ஆகாது. நேர்முனைக் கரண்டை 26 நிமிடம் விடாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், கூட வேண்டிய கிளர்ச்சி குறைந்துபோனது. அதனால் நேரத்தைத் தொடவில்லை. பலகையில் இன்னொரு வரிசை பட்டன் தைத்திருக்கிறேன். அடுத்து முழுக்கைச் சட்டை: இடது மணிக்கட்டுப் பட்டனை வலது கையால் போட வேண்டும்.