மாமியின் வாடகைக் கணக்கு

செப்டம்பர் 21, 2024, சனி

இங்கே இங்கிலாந்தில், தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம், பக்கத்து அறையில் பெரியவர்கள் கொண்டுவரும் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். இன்று மாமி வந்தார். சொந்த மாமி இல்லை, எங்கள் தெருவில் எல்லோருக்கும் மாமி.

வயது 76. ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு) வீடு, இரண்டு அறை, வாடகை கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, 148 பவுண். பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி) எடுப்பதால் வாடகை முழுவதையும் ஹவுசிங் பெனிபிட்டே (கவுன்சில் கொடுக்கும் வாடகை உதவி) கட்டி வந்தது. செப்டம்பர் 9ஆம் திகதியிலிருந்து அது வெறும் 23.45 பவுண் ஆகிவிட்டது. மிச்சம் 124.55 பவுணை மாமி கட்ட வேண்டும். வாடகை பாக்கி என்று ஹவுசிங் அசோசியேஷனும் ஒரு கடிதம் போட்டுவிட்டது.

காரணம் மகன். மார்ச் 11ஆம் திகதி தாயோடு வந்து இருந்துவிட்டான். தனியறை வாடகை கட்டி முடியவில்லை. மாமி அதை ஒளிக்கவில்லை, அந்தக் கிழமையே கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி சபைக்கு, அறிவித்திருக்கிறார்.

"என்ர பிள்ளை என்னோட இருக்கிறதுக்கு ஏன் பிள்ளை என்ர காசை வெட்டுறாங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

விதி இதுதான். 18 வயது நிரம்பிய, துணைவரும் அல்லாத, வாடகை ஒப்பந்தத்திலும் பெயர் இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் 'நொன்-டிபென்டன்ட்'. அவர் வாடகைக்கு ஒரு பங்கு தருவார் என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பெனிபிட்டில் கழித்துவிடுகிறார்கள். மகன் உண்மையில் காசு தருகிறானா, தாய் அவனிடம் கேட்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. மகனின் சம்பளம் கூடினால் கழிவும் கூடும். அவ்வளவுதான்.

65 வயது நிரம்பியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. யாராவது வந்து சேர்ந்தால் 26 கிழமை கழித்துத்தான் வெட்டு தொடங்கும். மார்ச் 11இலிருந்து எண்ணினால் சரியாக செப்டம்பர் 9. ஆறு மாதமாக ஒன்றும் நடக்காததால் எல்லாம் சரி என்று மாமி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் அந்த 124.55. 2024-25 அட்டவணையில் அதுதான் உச்சம். கிழமைக்கு 554 பவுணோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு உரியது. மகன் வேலை செய்வது ஒரு களஞ்சியத்தில்!

செப்டம்பர் 27, வெள்ளி

மாமி வீட்டுக்குப் போனேன். உச்சத் தொகை வந்த காரணம் ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. பீட்சாக்கடை விளம்பரங்களுக்கு இடையில், ஜூலையில் வந்த கவுன்சில் கடிதம், உறைகூடப் பிரிக்கவில்லை. மகனின் சம்பளச் சீட்டுகளை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். வருமானத்துக்கு ஆதாரம் கிடைக்காவிட்டால் அட்டவணையின் உச்சத் தொகையைப் போட்டுவிடுவார்கள். இது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. கடிதம் தாயின் பெயரில் வரும், கேட்கும் தாள் மகனிடம் இருக்கும், இரண்டும் சந்திப்பதே இல்லை.

நான் பார்த்தது வேறொன்று. தேநீர் கொண்டுவரும்போது மாமி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கோப்பையில் பாதிதான் தேநீர். நிறைத்தால் கை நடுக்கத்தில் சிந்திவிடுமாம். இரண்டு வருடமாக இப்படித்தானாம்.

அற்றென்டன்ஸ் அலவன்ஸ் (உதவி தேவைப்படும் முதியோருக்கான கொடுப்பனவு) எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அது நடமாட முடியாதவர்களுக்கு என்று யாரோ சொன்னார்களாம். அப்படி இல்லை. பென்சன் வயதுக்கு மேல், ஆறு மாதமாவது உடம்புத் தேவைகளுக்கு இன்னொருவரின் உதவி வேண்டியிருந்தால் போதும். வருமானம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை. இதை எடுப்பவரின் ஹவுசிங் பெனிபிட்டில் நொன்-டிபென்டன்டுக்காக ஒரு பென்ஸும் கழிக்க முடியாது, மகன் எவ்வளவு உழைத்தாலும் சரி. பார்வை கடுமையாகக் குறைந்தவராகப் பதிவு செய்திருந்தாலும், வயது குறைந்தவர்கள் பிப் என்ற இயலாமைக் கொடுப்பனவில் அன்றாட வாழ்க்கைப் பகுதியை எடுத்தாலும் அப்படியே.

உடனே தொலைபேசியில் படிவம் கேட்டோம். ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பினால் கேட்ட நாளே விண்ணப்பித்த நாளாகக் கொள்ளப்படும். அதனால் இன்றே எடுக்க வைத்தேன்.

அக்டோபர் 5, சனி

மகன் வந்தான். 31 வயது, நல்ல பிள்ளை, முகம் வாடிப்போயிருந்தது. "அக்கா, நான் வந்ததாலதானே அம்மாவுக்கு இது" என்றான். அப்படி நினைக்காதே, சம்பளச் சீட்டைக் காட்டு என்றேன். எல்லாம் தொலைபேசிச் செயலியில்தான் இருந்தது. ஐந்து கிழமைச் சீட்டுகளை அச்செடுத்தோம்.

மணிக்கு 11.44 பவுண், 2024-25இன் குறைந்தபட்சக் கூலி. 37.5 மணி. கிழமைக்கு 429. அட்டவணையில் 334க்கும் 444.99க்கும் இடைப்பட்ட படி, கழிவு 99.65. கவனியுங்கள், 429 என்பது வரி பிடிக்கும் முன் உள்ள தொகை. கையில் வருவது அதைவிடக் குறைவு, வெட்டுவதோ முழுத் தொகையைப் பார்த்து. இவனே 40 மணி வேலை செய்தால் 457.60 ஆகி அடுத்த படிக்கு ஏறுவான், கழிவு 113.50. கூடுதலாக உழைத்த 28.60இல் பாதியளவு தாயின் வாடகையில் போய்விடும். இதை நான் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயமாகத் தெரியவில்லை. தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருக்கும் பிள்ளையை வெளியே தள்ளுகிற விதி இது.

வேலை கிழமைக்கு 16 மணிக்குக் குறைவாக இருந்தால் அதே 2024-25 அட்டவணையில் கழிவு 19.30 மட்டும். முழுநேரம் படிக்கும் பிள்ளைக்குப் படிப்புக் காலத்தில் கழிவே இல்லை. திருமணமான பிள்ளையும் மருமகளும் சேர்ந்திருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே கழிவு, ஆனால் இருவர் வருமானத்தையும் கூட்டுவார்கள்.

முடிவுக் கடிதத்தின் திகதி செப்டம்பர் 12. ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இன்றே சீட்டுகளோடு எழுதி, கவுன்சில் அலுவலகத்தில் கையில் கொடுத்து முத்திரை வாங்கச் சொன்னேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அற்றென்டன்ஸ் அலவன்ஸ் படிவம் நிரப்பினோம். நீண்ட படிவம், அதைவிட நீண்டது மாமியைப் பேச வைப்பது. எதைக் கேட்டாலும் "அது நான் சமாளிப்பன்" என்பார். பிறகு சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை, கடைக்குப் போக முடியவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கொடுப்பனவுக்குச் சமையலும் கடைக்குப் போவதும் கணக்கில் வராது. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கழிவறை, படுக்கையிலிருந்து எழுவது, இவைதான்.

"மாமி, கடைசியாக எப்ப சேலை உடுத்தீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டைக் கொளுக்கிகளை விரல் பிடிப்பதில்லையாம். கோயிலுக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பூட்டிவிடுவாவாம். மற்ற நாளெல்லாம் கவுண்தான். தலை முழுகக் கையை மேலே தூக்க முடியாது. குளியல் தொட்டிக்குள் கால் வைக்கும்போது மகன் கதவுக்கு வெளியே நிற்பான். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். இதில் ஒரு வார்த்தையும் மிகையில்லை. மாமியைப் போன்றவர்கள் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டே உரிமையை இழக்கிறார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

லண்டன் டூட்டிங்கிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசி எடுத்தாள். மாமியின் கதையைக் கேட்டுப் பயந்துவிட்டாள். அவளுக்கு 48 வயது, யூனிவர்சல் கிரெடிட் (வேலை வயதினருக்கான அரச உதவி, வாடகையும் அதற்குள்) எடுக்கிறாள், வீட்டில் 22 வயது மகள் வேலைக்குப் போகிறாள். அங்கே கணக்கு வேறு. மகளின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, 21 வயது நிரம்பிய ஒருவருக்கு ஒரே தொகைதான் கழிவு, 2024-25இல் மாதம் 91.47 பவுண். அற்றென்டன்ஸ் அலவன்ஸ், பிப் விலக்குகள் அங்கேயும் உண்டு. கவுன்சில் வரிக் குறைப்பை (வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரியில் வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி) பற்றி மட்டும் அவளுடைய கவுன்சிலிடமே கேட்கச் சொன்னேன். 2013இலிருந்து வேலை வயதினருக்கான திட்டத்தை இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது. பென்சன் வயதினருக்குத்தான் நாடு முழுக்க ஒரே விதி.

நவம்பர் 16, சனி

மாமிக்குக் கவுன்சிலின் பதில். கழிவு 99.65 ஆகத் திருத்தப்பட்டது, செப்டம்பர் 9இலிருந்தே.

கவுன்சில் வரிக் கடிதமும் கூடவே இருந்தது. அதில் இரண்டு விடயம் கலந்து கிடக்கிறது. தனியாக இருந்தபோது கிடைத்த 25 சதவீதத் தள்ளுபடி மகன் வந்த நாளோடு போய்விட்டது. அவன் முழுநேர மாணவனாக இருந்திருந்தால் ஆள்கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள், தள்ளுபடியும் தொடர்ந்திருக்கும். மற்றது வரிக் குறைப்பு. பென்சன் கிரெடிட்டின் கரன்ரி பகுதி (குறைந்தபட்ச வருமானத்தை உறுதிசெய்யும் பகுதி) எடுப்பதால் மாமிக்கு அது முழுமையாக உண்டு, அதிலும் மகனுக்காக ஒரு சிறு கழிவு. அந்தக் கழிவு நீங்கினால் தள்ளுபடி போனதும் பாதிக்காது, வரி முழுவதையும் குறைப்பே மூடிவிடும். எல்லாம் அந்த ஒரு அற்றென்டன்ஸ் அலவன்ஸ் படிவத்தில் தொங்கி நிற்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

அற்றென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்துவிட்டது! குறைந்த படி, கிழமைக்கு 72.65 பவுண், செப்டம்பர் 30ஆம் திகதி திங்கட்கிழமையிலிருந்து. இது வருமானமாகக் கணக்கில் வராது, பென்சன் கிரெடிட்டும் குறையாது. கடிதத்தின் நகலை இன்றே கவுன்சிலுக்குக் கொடுத்தோம். அதே செப்டம்பர் 30இலிருந்து வாடகைக் கழிவும் வரிக் கழிவும் நீங்கும்.

ஒரு மனக்குறை எனக்கு இருக்கிறது. மாமி தனியாக இருந்த காலத்திலேயே இதை எடுத்திருந்தால், பென்சன் கிரெடிட்டில் கடும் இயலாமைக்கான சேர்ப்பும் கிடைத்திருக்கும். 2024-25 கணக்கில் கிழமைக்கு 81.50. மகன் வீட்டில் இருப்பதால் இப்போது அது இல்லை. தனியாக இருந்து உதவி தேவைப்படும் பெற்றோர் யாருக்காவது இருந்தால், பிள்ளைகள் வந்து சேரும் வரை காத்திருக்காமல் இன்றே படிவத்தைக் கேளுங்கள்.

பாக்கி நிற்பது செப்டம்பர் 9 முதல் 29 வரையான மூன்று கிழமைக் கழிவு, 298.95 பவுண். அதைத் தானே கட்டுவதாக மகன் சொல்லிவிட்டான். ஹவுசிங் அசோசியேஷனோடு கதைத்து கிழமைக்கு 25 பவுண் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம். பன்னிரண்டு கிழமையில் முடிந்துவிடும்.