ஹெட்டர் மாத்தின கார்ல ஆக்ஸிஜன் சென்சார் கழட்டுறது

வெளிய ஹெட்டர் (இன்ஜின்ல இருந்து புகையை வெளிய கொண்டு போற பைப்) அடிச்சு மாட்டின கார்ல வெல்டர் எங்க பங் (சென்சாரைத் திருகி மாட்டுற மரை வளையம்) வச்சாரோ அங்கதான் சென்சார் இருக்கும், மேனுவல் படத்தைப் பாத்து தேடாதீங்க. கனெக்டர்ல இருந்து வயரைப் பிடிச்சுகிட்டே போங்க, நேரா அங்க கொண்டு போய் விட்டுரும். கன்வெர்ட்டருக்கு (புகையை சுத்தம் பண்ற டப்பா) முன்னாடி இருக்குற சென்சார் காத்து-பெட்ரோல் கலவையைச் சரி பண்ண, பின்னாடி இருக்குறது கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க.

முதல்ல கனெக்டரை எடுத்துருங்க, இல்லன்னா திருப்புறப்ப வயர் முறுக்கி அறுந்துரும். சென்சாரோட நட் பெரும்பாலும் 22 எம்எம் தான், ஆனா சாதா ஸ்பேனர் போட்டா நட்டோட மூலை மழுங்கிரும், வயர் போக பக்கத்துல வெட்டு விட்ட சாக்கெட் ஒண்ணு வாங்கிருங்க, அந்தக் காசு வீணே இல்ல. பைப் தொட்டா சுடாத அளவுக்கு இளஞ்சூடா இருக்கணும், முந்தின நாள் ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் (இறுகின மரைக்குள்ள இறங்குற ஆயில்) அடிச்சு விட்டா இன்னும் நல்லது. அப்பவும் அசையலன்னா மல்லுக்கட்டாதீங்க, கொஞ்சம் டைட் பண்ணி அப்புறம் லூஸ் பண்ணுங்க. இழுத்துப் பிடிச்சு திருப்பினா பங் மரை போயிரும், அப்புறம் மறுபடி வெல்டிங்தான்.

திரும்ப மாட்டுறப்ப ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்க தடவுற பேஸ்ட்) மரைல மட்டும், சென்சார் முனைல படவே கூடாது. பங் பைப்புக்கு அடிப்பக்கம் இருந்தா அதையும் மேல மாத்த சொல்லுங்க, தண்ணி தேங்கி சென்சாருக்குள்ள இருக்குற செராமிக் விரிசல் விட்டுரும்.