சின்ன வெண்ணெய்

கல்லூரி விடுதியில் ஒருநாள் அவரவர் பெயருக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தோம். கயல்விழியும் தாமரைச்செல்வியும் பெருமையாகச் சொல்லி முடித்ததும் என் முறை வந்தது. எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே அத்தாவுக்கு போன் போட்டேன். மதரஸாவில் ஓதியவர், யோசிக்கவே இல்லை. "சுபைதான்னா சின்ன வெண்ணெய்மா" என்றார். மறுநாள் அதை அப்படியே சொன்னது என் தப்பு. தமிழில் வெண்ணெய் என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். படிப்பு முடியும்வரை எனக்கு அதுதான் பெயர்.

அரபியில் ஸுப்த் என்றால் வெண்ணெய். ஸுப்தா என்றால் கடைந்து எடுத்த சாரம். நீளமான பேச்சின் சுருக்கத்தையும் அப்படிச் சொல்வார்கள். நாம் செல்லமாக அழைக்க 'குட்டி' என்று பின்னால் ஒன்றை ஒட்டுவோம். அவர்கள் சொல்லின் உள்ளேயே உயிரோசையை மாற்றிவிடுவார்கள். ஹஸனைச் செல்லமாக்கினால் ஹுஸைன், ஜாரியாவைச் செல்லமாக்கினால் ஜுவைரியா. அப்படித்தான் ஸுபைதாவும். நம் எழுத்தில் அந்த முதல் ஒலி கிடையாது என்பதால் ரேஷன் கார்டில் நான் சுபைதா, வாக்காளர் அட்டையில் ஜுபைதா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை.

இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்தவளுக்கே இது இட்ட பெயர் இல்லை, செல்லப்பெயர். பாக்தாத் நகரைக் கட்டிய கலீஃபா அல்மன்சூரின் பேத்தி அவள். வைத்த பெயர் அமத்துல் அஸீஸ் என்பார்கள். கொழுகொழுவென்று வெளுப்பாக இருந்த குழந்தையைத் தாத்தா மடியில் வைத்துக் கொஞ்சும்போது "ஸுபைதா, ஸுபைதா" என்றாராம். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு ஹாரூன் அல்ரஷீதை மணந்து அரசியானாள். நான் விடுதியில் வெட்கப்பட்ட பெயரோடு அவள் ஒரு பேரரசின் அரண்மனையில் உலவியிருக்கிறாள்!

இராக்கின் கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் போகும் ஹஜ் பாதை 1,300 கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பகுதி பாலைவனம். அதில் கிணறும் குளமும் தங்குமிடமும் கட்டிக் கொடுத்தாள். அதனால் அந்தப் பாதைக்கே தர்ப் ஸுபைதா என்று பெயர். 1184இல் அந்த வழியே போன பயணி இப்னு ஜுபைர் அவளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். மக்காவின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு மலையோரமாகக் கல்வாய்க்கால் கட்டிக் கொண்டுவந்ததும் அவள்தான். செலவு தாங்காது என்று பொறியாளர் தயங்கியபோது, "ஒரு கடப்பாரைக் குத்துக்கு ஒரு தினார் ஆனாலும் சரி, வெட்டு" என்றாளாம். கதைதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். 831இல் அவள் இறந்து பல நூற்றாண்டு கழித்து அந்த வாய்க்கால் தூர்ந்தபோது, செலவை ஏற்றுச் சீர்செய்ததும் ஒரு பெண்தான்: உதுமானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா.

எனக்கு இந்தப் பெயர் நன்னியிடமிருந்து, அதாவது என் பாட்டியிடமிருந்து வந்தது. அவரும் சுபைதாதான். உத்தமபாளையத்தில் எருமை வைத்திருந்தவர், காலையில் மோர் கடைந்து வெண்ணெயைத் தண்ணீர்ச் சட்டியில் உருட்டிப் போடுவார். பெயரின் அர்த்தத்தை நான் போய்ச் சொன்னபோதுதான் அவருக்கே தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர் பேரீச்சம்பழத்தைப் பங்கு வைத்துக்கொண்டே சொன்னார்: "அரபாத்துல ஒரு பழைய கல்லுச்சுவரு மாதிரி போச்சு. கூட வந்த ஆலிம்சா, இதுதான் சுபைதா வாய்க்கால்னார். தொட்டுப் பாத்தேன். நல்ல சூடு."

"தண்ணி ஓடுதா நன்னி?"

"எங்க? காஞ்சு கெடந்துச்சு. கையில இருந்த பாட்டில்ல கொஞ்சம் ஊத்திட்டு வந்தேன்."