கணக்கப்பிள்ளை வீட்டுக் கடுவாச் சிலந்தி

செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். ஆரியங்காவு வழியாக புளியரை செக்போஸ்ட் தாண்டி வரும் லாரிகளில் அயினி, பலா, மாஞ்சியம், ரப்பர் என்று தடிகள் வந்து இறங்கும். தடியோடு தேள் வரும், பூரான் வரும், ஒருமுறை கொம்பேறி மூக்கன்கூட வந்தது. 2023 ஜூனில், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பலாத்தடிப் பொந்திலிருந்து அது வெளியே வந்தது.

லோடு இறக்கும் புனலூர்க்காரர் "கடுவாச் சிலந்தியாணு, தொடண்டா" என்று நாலடி பின்னால் போனார். கடுவா என்றால் மலையாளத்தில் புலி. நம் ஆட்களுக்குச் சின்னதோ பெரியதோ எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான், விளக்குமாறைத் தேடினார்கள். கால்களோடு சேர்த்துப் பார்த்தால் என் உள்ளங்கை அளவு இருக்கும். சாம்பலும் பழுப்புமாக, மரப்பட்டையில் வைத்தால் தெரியாத நிறம். விளக்குமாறு கிட்டே வந்ததும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு அடிக்க விட மனசு வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்து மூடி, அடியில் ரசீதுப் புத்தக அட்டையைச் செருகி எடுத்துவிட்டேன். சாப்பாடு அன்றைக்கு ஓட்டலில்.

"நாய்க்குட்டி கேட்டப்போ வேண்டாம்னீங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மச்சு மேல் கிடந்த பழைய மீன்தொட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். இந்த வகை மரப்பொந்தில் இருப்பது. தரையைவிட உயரம்தான் அதற்கு வேண்டும். அடியில் ஈரத் தென்னைநார்த் தூள், நடுவில் அதே பலாத்தடியிலிருந்து உரித்த பட்டை, ஒரு சோடா மூடியில் தண்ணீர், வாய்க்குக் கம்பிவலை, வலைக்கு மேல் செங்கல். வாரத்துக்கு ஒரு சில்வண்டு, சில சமயம் வெட்டுக்கிளி. கரப்பானைப் போட்டுவிடலாம் என்று தம்பி சொன்னான். வீட்டுக் கரப்பான் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்?

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பிடித்த பிறகு படிப்பது தலைகீழ் வேலை என்று இப்போது தெரிகிறது. பொயிசிலோதீரியா என்ற குடும்பக்கிளை. இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. அமெரிக்காவில் உள்ள டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்திகள் பல உடம்பு ரோமத்தை உதிர்த்துவிட்டு எதிரியை விரட்டும். இதற்கு அந்த வித்தை இல்லை, ஓட்டமும் கடியும்தான். கடித்து யாரும் செத்ததாகப் பதிவு இல்லை. ஆனால் வலி கடுமையாக இருக்கும். சில மணி நேரம் கழித்துத் தசை இழுக்க ஆரம்பித்து, நாள்கணக்கில் விட்டு விட்டு இழுக்கும். இதற்கு முறிமருந்து நம் நாட்டில் கிடையாது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். சிலந்திக்கு அது உதவாது. வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு உடம்பில் எங்கே கொப்புளம் வந்தாலும் எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்தது. பாதி நேரம் அது அக்கியாக இருக்கும். மீதி நேரம் மழைக்காலத்தில் லைட்டுக்கு வரும் சின்ன வண்டு, கையால் நசுக்கினால் தோல் வெந்துபோகும். பழி மட்டும் சிலந்தி மேல். அடூர் பக்கம் கொடுமணில் சிலந்தி அம்பலம் என்றே சொல்லும் பள்ளியறை தேவி கோயில் இருக்கிறது, சிலந்தி விஷத்துக்கு அங்கே போய்க் கிணற்றுத் தண்ணீர் வாங்கி வருவார்கள். அம்மா யாரிடமோ சொல்லிவிட்டு ஒரு பாட்டில் வரவழைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அது இருந்தது ஒரு விதத்தில் எனக்கும் தைரியம்தான்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி சோடா மூடியை எடுக்க இடுக்கியை உள்ளே விட்டேன். ஓர் அடி நீள இடுக்கி. கண் இமைக்கவில்லை, அது இடுக்கி மேல் ஏறி, என் கையைத் தொடாமல் தாண்டிச் சுவருக்குப் போய், காலண்டருக்குப் பின்னால் நுழைந்துவிட்டது. பிள்ளைகளையும் அம்மாவையும் திண்ணைக்கு அனுப்பிவிட்டு ஒன்றரை மணி நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முருகன் படத்துக்குக் கீழே இரண்டு கால் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் பிளாஸ்டிக் டப்பாவைச் சுவரோடு அழுத்தி, அட்டையை மெதுவாக உள்ளே தள்ளிப் பிடித்தேன். அன்றைக்கு மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறது. மறுநாளே வலைக்குப் பூட்டு வந்தது.

நவம்பரில் தீனியை நிறுத்திவிட்டது. மூன்று வாரம். உடம்பு மங்கி, பொந்து வாயை நூலால் மூடிக்கொண்டது. உள்ளே கிடந்த சில்வண்டை எடுத்துவிட்டேன். தோலுரிக்கும் நேரத்தில் சில்வண்டே அதைக் கடித்துத் தின்றுவிடுமாம். ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்கு டார்ச் அடித்தால் மல்லாந்து கிடக்கிறது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு முதுகு ஓடு மூடி மாதிரித் திறந்தது. கையுறையிலிருந்து விரலை உருவுவது போல எட்டுக் காலையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தி நிறுத்தி. வெளியே வந்தபோது பல் இரண்டும் பால் வெள்ளை. கறுத்துக் கெட்டியாகச் சில நாள் ஆனது. மனைவி எனக்குத் தெரியாமல் பின்னால் வந்து நின்று பார்த்திருக்கிறாள். "பிரசவம் மாதிரி இருக்கு" என்றாள்.

உரித்த தோல் முழுசாக, உயிரில்லாத இன்னொரு சிலந்தி போலவே இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

ஒரு வருஷம் ஓடியது. எந்தப் பழக்கமும் வரவில்லை. என்னைத் தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள அதற்குத் தேவையும் இல்லை. பகலெல்லாம் பட்டை, ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் நாலு கால். அதைப் பார்க்கத்தான் நான் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஓடி வருவேன்.

2024 ஆகஸ்டில், வெளிநாட்டுக் கிளி, ஓணான் வைத்திருப்பவர்கள் 28ஆம் தேதிக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நமக்கும் ஒரு பதிவு போட்டுவிட்டால் சட்டப்படி ஆகிவிடும் என்று நினைத்து இ-சேவை மையத்துக்குப் போனேன். அந்தப் பெண் "என்ன பிராணி சார்?" என்றாள். சொன்னேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "கூட கொண்டு வரலையே?" என்றாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. பலாத்தடியில் வந்தது என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

வனத்துறையில் வேலை பார்க்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். "மாப்ள, அது முறையா வாங்கினவங்களுக்கு. நம்ம காட்டு உயிரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பதிவு கேட்டா யாரு கொடுப்பா?" என்றார். இந்தச் சிலந்தி வகை மொத்தமும் 2019இல் சைட்டீஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில், சேர்ந்துவிட்டது, 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தில் அந்தப் பட்டியலும் உள்ளே வந்துவிட்டது. வெளிநாட்டில் ஆசைக்கு வளர்க்கிறவர்கள் அதிகம், அந்தச் சந்தைக்காக நம் காட்டிலிருந்து கடத்துகிறார்கள். எனக்கு விற்கிற எண்ணம் இல்லை என்பதைச் சட்டம் எங்கே பார்க்கும்?

மறுநாள் அவரோடு ரேஞ்ச் ஆபீஸ் போனேன். திட்டு விழும் என்று தயாராகப் போயிருந்தேன், விழுந்தது, குறைவாகத்தான். பிறகு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கிருந்து வந்தது? எங்கேயாவது விட்டுவிட முடியாது. 1899இல் ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த, இதே வகை நீலச் சிலந்தியின் கதையை அங்கேதான் கேட்டேன். குத்தியில் தேடித் தேடியும் கிடைக்காமல், 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் மறுபடி பார்த்தார்களாம். ரயிலில் விறகோடு வந்து இறங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். என் தடிக்கும் அதே கதை.

மில் பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். ஜூன் மாதம், லாரி நம்பர், பலா மூன்று தடி, பத்தனாபுரம். பதினாலு மாதம் கழித்து என் கணக்கு ஒரு சிலந்திக்கு விலாசம் சொன்னது. "மலையாளத்துக்காரியா" என்று சிரித்தார்கள். அந்தப் பக்கத்து ஆபீசிடம் பேசி ஏற்பாடு செய்வதாகத் தொட்டியோடு வாங்கிக்கொண்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் வீட்டில் இருப்பதைச் சொன்னதும் அதையும் கொண்டுவரச் சொன்னார்கள். தோலும் அந்த உயிரின் பாகம்தானாம்.

இப்போது பொந்துள்ள தடி வந்தால் இறக்குவதற்கு முன் கம்பால் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்கிறேன். புனலூர்க்காரருக்கு எரிச்சல், அவருக்கு லோடு கணக்கில் கூலி. போன வாரம்கூடக் கேட்டார்: "கணக்கப்பிள்ளே, இன்னும் எத்ர நேரம்?"